சாரல் ஊரில் ஆட்டுக் கொட்டிலின் தரை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புளியரை, செங்கோட்டைப் பகுதியில் புதிதாக ஆடு வளர்க்க வருகிறவர்களில் பலர் கொட்டிலுக்குச் சிமென்ட் தளம் போட்டு, தினமும் தண்ணீர் விட்டுக் கழுவினால் போதும் என்று நம்புகிறார்கள். அது மாட்டுத் தொழுவத்தின் பழக்கம். ஆனியும் ஆடியும் சாரல் விடாத இந்த ஊரில் காலையில் கழுவிய தளம் மாலைவரை காய்வதில்லை என்பதும், ஈரத்திலேயே நிற்கும் ஆட்டுக்குக் குளம்பிடுக்கு வெந்து அழுகும் என்பதும், ஆடு முன்னங்கால்களை மடக்கி முட்டிபோட்டு மேயும்போதுதான் அவர்களுக்குத் தெரியவருகிறது.

சங்கரன்கோவில் பக்கத்து வறண்ட நிலத்துக்கு மேடான மண் தரையே போதும். மூத்திரம் ஊறிய மேல்மண்ணை அவ்வப்போது வெட்டி எடுத்துப் புதுமண் பரப்பினால் சரியாகிவிடும். மலையடிவாரத்தில் இருக்கும் எங்களுக்கு, புழுக்கையும் மூத்திரமும் கீழே விழும்படி இடைவெளிவிட்டு, தரைக்கு மேலே உயர்த்தி அமைக்கும் பரண்தான் ஏற்றது. கமுகுச் சட்டம் விலை மலிவு, ஆனால் மூத்திரத்தில் ஊறி உளுத்து, ஆணி நெகிழ்ந்துவிடும். பிளாஸ்டிக் பலகை ஊறாது என்றாலும் அதன் துளை இடைவெளியை நாம் மாற்ற முடியாது. நான் வாங்கியபோது, எல்லா வயது ஆட்டுக்கும் இதுவே ஆகும் என்றார் விற்றவர். வளர்ந்த ஆட்டுக்கு ஒன்றரை சென்டிமீட்டர் இடைவெளி சரிதான். பிறந்து நான்கே நாளான குட்டியின் கால் அதில் இறங்கிச் சிக்கிக்கொள்ள, தாய் ஆடு கத்திய சத்தத்தில் விடியுமுன் எழுந்து ஓடி, பலகையை அடியிலிருந்து தட்டிக் கழற்றித்தான் காலை விடுவித்தேன். எலும்பு முறியவில்லை என்பது அதிர்ஷ்டம். இப்போது குட்டி அறையில் இடைவெளி ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு. அதன்மேல் விரிக்கும் சாக்கைத் தினமும் மாற்றி உலர்த்துகிறேன்.

பரணின் உயரத்தில் சிக்கனம் பார்க்கக் கூடாது. நான்கு அடியாவது இருந்தால்தான் ஓர் ஆள் குனிந்து உள்ளே போய்ப் புழுக்கையை வாரி எடுக்க முடியும். வாராமல் விட்டால் கிளம்பும் அமோனியா நெடி ஒரு நிமிடத்தில் நம் கண்ணையே எரியவைக்கும்போது, இரவு முழுவதும் அதற்கு மேலே படுத்திருக்கும் ஆட்டுக்குச் சளியும் இருமலும் வருவதில் வியப்பில்லை.

சுத்தம் செய்வதில் தண்ணீருக்கு முந்திய வேலை சுரண்டுவது. ஈர்க்குமாற்றுக்கு வராத புழுக்கை பலகைகளின் இணைப்பில்தான் இறுகிக் கிடக்கும்; அதற்கு இரும்புச் சுரண்டி வேண்டும். கழுவுவதை வெயில் அடிக்கும் நாளுக்கு ஒதுக்கி, ஆடுகளை வெளியே ஓட்டிவிட்டுச் செய்து, பலகை காய்ந்த பிறகே திரும்ப அடைக்க வேண்டும். சாணமும் மூத்திரமும் கிடக்கும் தரையில் பிளீச்சிங் பவுடர் கொட்டுவது வீண். அமோனியாவுடன் சேர்ந்து தொண்டையைக் கமறவைக்கும் நச்சுப்புகைதான் எழும்பும். குட்டிகளுக்கு ரத்தக் கழிச்சல் உண்டாக்கும் காக்சிடியா கிருமியின் முட்டைகள் அந்தப் பவுடருக்கு மசிவதில்லை, வெயிலும் உலர்ச்சியுமே அவற்றைக் கொல்லும். சுண்ணாம்பையும் எருவின்மேல் தூவாமல், எருவை அள்ளிய பின் வெறும் தரையில் தூவ வேண்டும். எருவோடு கலந்தால் அதிலுள்ள தழைச்சத்து வாயுவாகப் போய்விடும்.

கால்நடைப் பராமரிப்புத் துறையின் முகாம்களில் கொட்டில் அமைப்பைப் பற்றிச் சொல்லும்போது, சாரல் பகுதிக்கும் வறண்ட பகுதிக்கும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும் என்றும், குட்டிகளுக்கான இடைவெளி அளவைத் துண்டறிக்கையில் அச்சிட்டுத் தர வேண்டும் என்றும் தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். வைகாசிக்குள் கிடைத்தால் இந்த ஆண்டுச் சாரலுக்கே உதவும்.

இப்படிக்கு,
ஆடு வளர்ப்பவர் ஒருவர்,
புளியரை, தென்காசி மாவட்டம்.