திக்கலும் மூன்று புள்ளிகளும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வெளியான சிறுகதையில் குமாஸ்தா வாய் திறக்கும்போதெல்லாம் 'நா... நா... நான்' என்றே அச்சாகியிருந்தது. சிறுவயது முதல் திக்கிப் பேசுபவன் என்ற முறையில் அந்தப் புள்ளிகளைப் பற்றிச் சிறிது சொல்ல விரும்புகிறேன்.

முதல் எழுத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வது திக்கலின் ஒரு வகை மட்டுமே. ஒலி இழுபட்டு நீள்வதும் உண்டு. ஒலியே எழாமல் தொண்டை அடைத்துக்கொள்வதும் உண்டு. இந்த அடைப்பை அச்சில் காட்டக் குறியீடு எதுவும் கிடையாது. அதைவிடவும் கண்ணில் படாதது, வரவிருக்கும் சொல்லில் நாக்கு இடறும் என்று முன்பே உணர்ந்து வேறொரு சொல்லை மாற்றிப் போடும் வேலை. 'பணம்' வராது என்று தெரிந்தால் 'காசு' என்று சொல்லித் தப்பிவிடுவோம். மாற்றுச் சொல்லே இல்லாத சொந்தப் பெயரில்தான் பெரும்பாலும் மாட்டிக்கொள்வோம். தங்கள் குமாஸ்தாவோ பெயரைத் தங்குதடையின்றிச் சொல்லிவிட்டு 'ஆமாம்' என்பதற்குத் திணறுகிறார்!

ஜப்பானிய எழுத்தாளர் யுகியோ மிஷிமா 1956இல் வெளியிட்ட பொற்கோயில் நாவலில், திக்குவாய் இளந்துறவிக்கு முதல் ஒலி என்பது தன் அகத்துக்கும் வெளியுலகுக்கும் இடையிலுள்ள கதவின் துருப்பிடித்த சாவி. அவன் அதோடு மல்லாடி முடிப்பதற்குள் வெளியே காலம் கடந்துவிடுகிறது. புள்ளிகளால் காட்ட முடியாததை இந்த ஓர் உவமை காட்டிவிடுகிறது. ஆங்கில எழுத்தாளர் சாமர்செட் மாம் தாமே திக்குபவர்; ஆயினும் தம் வாழ்வைப் பெரிதும் தழுவி 1915இல் வெளியிட்ட நாவலின் நாயகனுக்குத் திக்கலைத் தராமல் வளைந்த பாதத்தைத் தந்தார். ஊனமான காலை வாசகர் கண்ணால் பார்த்துவிடலாம், அடைபட்ட சொல்லை எப்படிக் காட்டுவது என்று அவர் தயங்கியிருக்கலாம் என்பது என் ஊகம்.

கதையின் முடிவும் உறுத்துகிறது. குமாஸ்தாவுக்குத் துணிவு பிறந்ததும் திக்கல் மறைந்துவிடுகிறது. அதாவது, அதுவரை அவர் கோழை என்பதற்கான அடையாளமாகவே அது இருந்திருக்கிறது. பதற்றம் திக்கலைக் கூட்டலாம், ஆனால் அதன் வேர் பதற்றம் அல்ல. பாடும்போதும் பலரோடு சேர்ந்து வாசிக்கும்போதும் எங்களில் பலருக்குத் திக்கல் வருவதில்லை. அதற்கும் துணிவுக்கும் தொடர்பில்லை.

அடுத்த முறை இப்படியொரு கதை தங்கள் மேசைக்கு வந்தால், 'அவர் திக்குவார்' என்று ஓரிடத்தில் குறிப்பிட்டுவிட்டு, அவர் பேச்சை முழுச் சொற்களில் எழுதுமாறு கதாசிரியருக்கு யோசனை கூறுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்