உறுப்பினர் தரவுத்தளம்: ஞாயிறு இரவு பேக்கப்

வணக்கம் நண்பர்களே,

சங்கத்தின் உறுப்பினர் பதிவும் சந்தாக் கணக்கும் உள்ள மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தை வரும் ஞாயிறு (15 ஆம் திகதி) இரவு 9 மணிக்கு பேக்கப் எடுத்துப் புது சர்வருக்கு மாற்றுகிறோம்.

1. 9 மணிக்குப் பிறகு யாரும் எதையும் பதிய வேண்டாம். பதிந்தால் அது பழைய சர்வரிலேயே நின்றுவிடும்.
2. சந்தா பதிபவர்கள் சனிக்குள் முடித்துவிடுங்கள்.
3. கமாண்ட் லைன் (கட்டளைகளைத் தட்டச்சு செய்து கணினியை இயக்கும் முறை) பழக்கமான இருவர் 8.30க்கு வெள்ளவத்தைக்கு வாருங்கள். பேக்கப் எடுக்கும் மைஎஸ்கியூஎல்டம்ப் (mysqldump) கட்டளையில் எழுத்துக்குறி முறை யூடிஎஃப்8எம்பி4 (utf8mb4) என்று இருக்க வேண்டும். அது பிழையானால் தமிழ்ப் பெயர்கள் வெறும் கேள்விக்குறிகளாகிவிடும், அது எனக்குப் பெரிய கவலை.
4. பேக்கப்பிலிருந்து மீட்பதை முதலில் வெற்றுத் தரவுத்தளம் ஒன்றில் செய்து பார்ப்போம். டம்ப் கோப்பு (அந்தக் கட்டளை தரும் பேக்கப் கோப்பு) வழக்கமாக அதே பெயருள்ள அட்டவணையை அழித்துவிட்டுத்தான் புதிதாக உருவாக்கும், அதனால் அவசரம் வேண்டாம். அப்புறம் இரு பக்கமும் வரிகளை எண்ணி ஒப்பிடுவோம்.
5. கோப்பில் எல்லோருடைய தொலைபேசி, அடையாள அட்டை இலக்கங்களும் இருக்கின்றன. தயவுசெய்து வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள்.

வரக்கூடியவர்கள் வெள்ளி இரவுக்குள் "வருகிறேன்" என்று இங்கே போடுங்கள். மற்றவர்கள் "பார்த்தேன்" என்றால் போதும்.