பாட்டி கண்ணைச் சிமிட்டிய கதை

போர்ட் பிளேர்
நவம்பர் 9

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்து இருபது நாளாகிவிட்டது. போனிலேயே பேசி முடித்திருக்கலாம். ஆனால் நீ மூன்று பக்கம் கைப்பட எழுதியிருக்கும்போது, பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படத்தை அனுப்ப மனசு வரவில்லை. (2024 செப்டம்பரில் போர்ட் பிளேர் என்ற பெயரை ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றிவிட்டார்கள். என் வாய்க்கு இன்னும் அது பழகவில்லை.)

'உங்கள் அந்தமான் தீவில் நெட் இப்போது எப்படி?' என்று கேட்டிருக்கிறாய். நீ 2013-ல் இங்கே வந்தபோது பட்ட பாடு மறந்திருக்காது. அபர்டீன் பஜார் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரில், மகளின் கல்லூரி விண்ணப்பத்துக்காக ஒரே ஒரு போட்டோவை ஏற்ற உட்கார்ந்தாய். நான் போய்க் காய்கறி வாங்கி, டீ குடித்துவிட்டுத் திரும்பினேன். அந்தப் பச்சைக் கோடு பாதிகூட நகரவில்லை. அப்போதெல்லாம் இங்கிருந்து போகும் ஒவ்வொரு எழுத்தும் 36,000 கிலோமீட்டர் மேலே இருக்கிற செயற்கைக்கோளுக்கு ஏறித்தான் இறங்க வேண்டும். போனில் என் 'ஹலோ'வுக்கு உன் பதில் வருவதற்குள் நான் இன்னொரு 'ஹலோ' சொல்லிவிடுவேன். ரெண்டு பேரும் ஒன்றாகப் பேசி, ஒன்றாக நிறுத்தி, மறுபடி ஒன்றாக ஆரம்பிப்போம். நாம் சண்டை போடுகிறோம் என்றே உன் வீட்டில் நினைத்திருந்தார்கள்.

2020 ஆகஸ்ட் 10-ஆம் தேதி சென்னையிலிருந்து கடலடி கேபிள் திறக்கப்பட்டது. மொத்தம் சுமார் 2,300 கிலோமீட்டர். போர்ட் பிளேரோடு நிற்காமல் ஹேவ்லாக், லாங் ஐலண்ட், ரங்கத், லிட்டில் அந்தமான், தெற்கே கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார் வரை போகிறது. செலவு 1,200 கோடிக்கு மேல். எல்லாத் தீவும் சேர்ந்தே நாலு லட்சம் பேரை ஒட்டித்தான் இருப்போம். லாபக் கணக்குப் பார்க்கும் எந்தக் கம்பெனியும் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்காது. அதனால் தொலைபேசி கம்பெனிகள் தங்கள் வருமானத்திலிருந்து 5 சதவீதம் கட்டும் பொது நிதியை எடுத்துப் போட்டார்கள். ஆக, பரமக்குடியில் நீ ரீசார்ஜ் செய்த காசிலும் ஒரு துளி இந்தக் கடலுக்கடியில் கிடக்கிறது. ரொம்ப நன்றி!

சென்னையிலிருந்து இங்கே கப்பலில் மூன்று நாள் ஆகிற தூரம். அந்தக் கப்பலில் எத்தனையோ தடவை வாந்தி எடுத்தவன் நான். கேபிளின் அருமை எனக்குத் தெரியும். மீன் மார்க்கெட்டில்கூட இப்போது தராசுக்குப் பக்கத்தில் கியூஆர் அட்டை தொங்குகிறது, செதில் ஒட்டிக்கொண்டு.

ஆனால் உனக்குச் சொல்ல நினைத்தது பக்கத்து வீட்டுக் கச்சல் பாட்டியைப் பற்றி. 1964-ல் இந்தியாவும் இலங்கையும் போட்ட சாஸ்திரி – சிறிமாவோ ஒப்பந்தத்தில் இலங்கை மலையகத்திலிருந்து திரும்பி, நிக்கோபாரில் கச்சல் தீவின் ரப்பர் தோட்டத்துக்கு வந்த குடும்பம். கல்யாணமாகி இந்த ஊருக்கு வரும்வரை பால் வெட்டியவர். கத்தியும், பாலை உறைய வைக்கிற ஆசிட்டும் சேர்ந்து அவர் விரல் ரேகையைத் தின்றுவிட்டன. புருஷன் வழியில் வரும் பென்ஷனுக்காக, வருஷா வருஷம் நவம்பரில் உயிரோடு இருப்பதாகச் சான்று கொடுக்க வேண்டும். போன வருஷம் ஒரு சேவை மையத்தில் பத்து விரலையும் வைத்துப் பார்த்தார்கள். ஒன்றும் பதியவில்லை. "நான் செத்துப் போயிட்டேனாம்ப்பா" என்று சிரித்துக்கொண்டேதான் வந்தார். ராத்திரி அவர் வீட்டில் விளக்கு அணைய வெகுநேரம் ஆனது.

2021-லிருந்தே முகத்தைக் காட்டிச் சான்று கொடுக்கும் வசதி இருக்கிறது. கேபிளும் வந்துவிட்டது, என் கையில் போனும் இருக்கிறது. எனக்குத்தான் அது தெரியவில்லை. போன வாரம் பாட்டியை முற்றத்தில் உட்கார வைத்து, போன் திரை சொன்னதும் "கண்ணை மூடித் திறங்க" என்றேன். அவர் சிமிட்டினார். சான்று வந்துவிட்டது. இவ்வளவுதானா என்று என் முகத்தையே பார்த்தார்.

அப்புறம் கச்சலில் இருக்கும் தம்பியைக் கூப்பிடச் சொன்னார். கேபிள் இறங்கிய தீவுகளின் பட்டியலில் கச்சல் இல்லை. கமோர்ட்டா பக்கத்துத் தீவுதான். இருந்தாலும் நடுவில் கடல் இருக்கிறதே. குரல் வந்தது, தம்பியின் முகம் பாதி வாய் திறந்தபடி அப்படியே உறைந்து நின்றது. "பரவாயில்ல, வயசு ஏறாம இருக்கான்" என்றார் பாட்டி.

அம்மாவை இந்த வருஷமும் ஆட்டோ பிடித்து பேங்குக்குக் கூட்டிப்போக வேண்டுமே என்று எழுதியிருந்தாய். மூட்டு வலியோடு அவர்களை அலைக்கழிக்காதே. மாசக் கடைசிவரை நேரம் இருக்கிறது. ஆதார், பென்ஷன் புத்தகத்தில் இருக்கும் பி.பி.ஓ. (பென்ஷன் உத்தரவு) எண், பேங்க் கணக்கு எண் மூன்றையும் எடுத்து வை. போனில் இருக்கும் ஆப், இதைச் செய்துகொடுக்கிறவர் என்று முதலில் உன் முகத்தைத்தான் கேட்கும், பயப்படாதே. காலை வெயில் முகத்தில் விழுகிற மாதிரி அம்மாவைத் திண்ணையில் உட்கார வை, முதுகுப் பக்கம் வெளிச்சம் வேண்டாம். கண்ணாடியைக் கழற்றச் சொல். முக்கியமாக, அந்த நேரத்தில் அவர்களைச் சிரிக்க வைக்காதே. பாட்டி சிரித்துத் தலையை ஆட்டியதில் எனக்கு மூன்று தடவை எடுக்க வேண்டியதாயிற்று.

அன்புடன்,
முருகேசன்