மருந்துச் சீட்டுப் பதிவேடுகளைக் காப்பாற்றக் கை கொடுங்கள்

பிலடெல்பியா பகுதியில் வாழும் நண்பர்களுக்கு வணக்கம்.

மேற்கு பிலடெல்பியாவில் நூறு ஆண்டுக்கு மேல் நடந்த ஒரு தெருமுனை மருந்துக்கடை போன வருடம் மூடப்பட்டது. அந்தக் குடும்பம் 41 மருந்துச் சீட்டுப் பதிவேடுகளையும், ஓர் இழுப்பறை அலமாரியையும், கல்வங்களையும், லத்தீன் பெயர் ஒட்டிய கண்ணாடி ஜாடிகளையும் எங்கள் குழுவிடம் கொடுத்துவிட்டது. காசு கேட்கவில்லை. மார்ச் முடிவதற்குள் கடையைக் காலி செய்து தரவேண்டும், அவ்வளவுதான்.

இந்த ஊரில் மருந்து வரலாற்றுக்கு என்ன பஞ்சம் என்று சிலர் கேட்டார்கள். பஞ்சமில்லைதான். 1821 பிப்ரவரியில் 68 மருந்துக்கடைக்காரர்கள் கார்பென்டர்ஸ் ஹாலில் கூடித் தொடங்கியதுதான் இந்நாட்டின் முதல் மருந்தியல் கல்லூரி. கலப்பட மருந்து மலிந்திருந்த காலம் அது. மருந்தாளுநருக்கும் நாங்களே பட்டம் தருகிறோம் என்று பென்சில்வேனியா பல்கலைக்கழகம் கிளம்ப, கடைக்காரர்களுக்கு ரோஷம் வந்துவிட்டது. அக்கல்லூரி 2022-இல் செயின்ட் ஜோசப்ஸ் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. அமெரிக்க மருந்தியல் சங்கம் 1852-இல் பிறந்ததும் இங்கேதான். ‘அமெரிக்க மருந்தியலின் தந்தை’ என்று போற்றப்படும் வில்லியம் ப்ராக்டரும் ஒரு கடைக்காரர்தான். ஒன்பதாம் தெருவும் லம்பார்ட் தெருவும் சேரும் முனையில் கடை வைத்திருந்தார்.

ஜிஎஸ்கே என்ற மருந்துக் கம்பெனியின் பெயரில் நடுவில் நிற்கும் ‘எஸ்’, ஜான் ஸ்மித் 1830-இல் இங்கே திறந்த மருந்துக்கடையிலிருந்து வந்தது. வயத் சகோதரர்கள் 1860-இல் கடை போட்டார்கள். அவர்களிடம் வேலை பார்த்த ஹென்றி பவர் 1872-இல் சுழன்றபடியே மாத்திரை அழுத்தும் இயந்திரத்தைச் செய்தார். மாத்திரை ஆலைகளில் வேலை பார்க்கும் நம்மவர்கள் இன்றும் அதன் வாரிசுகளோடுதான் மல்லுக்கட்டுகிறார்கள்.

கம்பெனியாக வளர்ந்த கடைகளுக்கு இப்படி வரலாறு இருக்கிறது. கடைசிவரை கடையாகவே இருந்தவற்றின் காகிதங்கள் குப்பை வண்டியில் போய்விட்டன. தாத்தா 1729-இல் தொடங்கிய கடை நொடித்தபோது, 1804-இல் அதை ஏற்று நிமிர்த்திய எலிசபெத் மார்ஷல் போல ஒருவர் இருவர் பெயர்தான் மிஞ்சியது.

அதனால்தான் இந்தப் பதிவேடுகள் எங்களுக்குப் பெரிதாகத் தெரிகின்றன. ஒரு தெருவுக்கு என்னென்ன நோவு வந்தது, என்ன கலந்து கொடுத்தார்கள், எத்தனை சென்ட் வாங்கினார்கள் என்பதெல்லாம் நாள் தவறாமல் இருக்கிறது. 1918 இலையுதிர்காலத்தில் இந்நகரில் 12,000-க்கும் மேற்பட்டவர்கள் இன்ஃப்ளூயன்சாவில் இறந்தார்கள். அந்த அக்டோபர் பக்கங்களில் கையெழுத்தே மாறுகிறது. முதலில் நிதானமான மசி எழுத்து, பிறகு பென்சில் கிறுக்கல், அப்புறம் வேறு யாரோ ஒருவரின் எழுத்து. 1920-களின் பதிவேட்டில் விஸ்கிச் சீட்டுகள் வரிசையாக வருகின்றன. மதுவிலக்குக் காலத்தில் டாக்டர் எழுதிக் கொடுத்தால் மருந்துக்கடையில் விஸ்கி வாங்கலாம்! டிசம்பர் மாதம் தெருவில் பாதிப் பேருக்கு உடம்பு சரியில்லை போலிருக்கிறது.

சரி, பணத்துக்கு வருகிறேன். மொத்தச் செலவு 14,500 டாலர். இதுவரை 5,200 சேர்ந்திருக்கிறது. பெரும்பகுதி ஸ்கேன் செய்வதற்கும் ஓராண்டுச் சேமிப்பறை வாடகைக்கும். நாங்கள் எதிர்பாராத செலவு ஒன்றும் உண்டு: சில ஜாடிகளில் சரக்கு அப்படியே இருக்கிறது. 1793-இல் இந்நகரில் பரவிய மஞ்சள் காய்ச்சலில் டாக்டர் பெஞ்சமின் ரஷ் தாராளமாகக் கொடுத்த கலோமெல் அதில் ஒன்று. அது பாதரச உப்பு. தொட்டியில் கொட்ட முடியாது, உரிமம் பெற்றவர்கள்தான் அகற்ற வேண்டும். அதற்கு மட்டும் 3,000 டாலர்.

நோயாளிகளின் பெயர், முகவரியை மறைத்த பிறகே பக்கங்களைப் பொதுப் பார்வைக்கு வைப்போம். வரிவிலக்குப் பதிவுக்கு விண்ணப்பித்திருக்கிறோம், இன்னும் கிடைக்கவில்லை. அதற்காகக் காத்திருக்க விரும்புபவர்கள் இப்போதைக்குத் தொகையை மட்டும் சொல்லி வையுங்கள். மாதாமாதம் வரவு செலவுக் கணக்கை எல்லோருக்கும் அனுப்புவோம். 20 டாலர் தந்தாலும் ரசீது உண்டு.

பணம் தர வசதிப்படாதவர்கள் நேரம் தரலாம். சீட்டுகளைப் படிக்க ஓய்வுபெற்ற மருந்தாளுநர்கள் தேவை. ஊரில் டாக்டர்கள் எழுதும் ‘டிடிஎஸ்’ இங்கே ‘டிஐடி’. இரண்டும் லத்தீனில் மூன்று வேளைதான், பழகிவிடும். அலமாரியைத் தூக்க மட்டும் ஆறு பேராவது வேண்டும். மார்ச் மாத இரண்டாவது சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு வேன் வருகிறது. வரக்கூடியவர்கள் இத்துடன் உள்ள படிவத்தில் பெயரை எழுதி அனுப்புங்கள். கையுறை நாங்கள் கொண்டுவருகிறோம்.

இப்படிக்கு,
பதிவேடு மீட்புக் குழுவினர்