எந்த மாஸ்டரிலிருந்து வெட்டிய தட்டு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இசைத்தட்டுகளின் மறுவருகையைப் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஒரு தமிழ் நாளிதழ் ராக் இசைக்கு முழுப் பக்கம் ஒதுக்கியதே பெரிய விஷயம், அதற்கு நன்றி. ஆனால் கட்டுரையோடு போட்டிருந்த படத்தைத்தான் என்னால் சும்மா விட முடியவில்லை. இசைத்தட்டில் ஒலி முழுதாக இருக்கும், டிஜிட்டலில் துண்டு துண்டாகிவிடும் என்பதுதான் அந்தப் படம் சொல்ல வருவது. இடப்பக்கம் வழவழப்பான வளைகோடு, கீழே ‘வினைல்’, அதாவது இசைத்தட்டு. வலப்பக்கம் படிக்கட்டு, கீழே ‘டிஜிட்டல்’. சிடி வந்த காலத்திலிருந்தே இந்தப் படிக்கட்டு ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. யாராவது அதை இறக்கி வைக்க வேண்டாமா?

சிடியில் ஒலி நொடிக்கு 44,100 முறை அளந்து எழுதப்படுகிறது. அந்த அளவுகளைத் தாளில் வரைந்தால் படிகளாகத் தெரியலாம். ஆனால் பிளேயரிலிருந்து வெளியே வருவது படிக்கட்டு அன்று. அத்தனை புள்ளிகள் வழியாகவும் போகக்கூடிய, 22,050 ஹெர்ட்ஸுக்கு (ஹெர்ட்ஸ் என்பது நொடிக்கு இத்தனை அதிர்வு என்ற கணக்கு) உட்பட்ட வளைகோடு ஒன்றே ஒன்றுதான் உண்டு. கருவி அதைத்தான் திரும்ப வரைகிறது. நல்ல காதுள்ள இளைஞனுக்கே 20,000 ஹெர்ட்ஸுக்கு மேல் கேட்காது. நம்பாதவர்கள் என் கடைக்கு வரலாம். அலையைத் திரையில் வரைந்து காட்டும் ஆசிலாஸ்கோப்பில் காட்டுகிறேன், தேநீரும் தருகிறேன்.

நான் திருச்சியில் ரேடியோ, ஆம்ப்ளிஃபையர், ரெக்கார்டு பிளேயர் பழுதுபார்ப்பவன். கல்யாண வீடுகளுக்கு சவுண்ட் சர்வீஸ் நடத்தியவர்களின் பெட்டிகளில் கைப்பழகியவன். ஆங்கில ராக் இசை எனக்கு அறிமுகமானது பொன்மலை ரயில்வே காலனியின் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களால். ரேடியோவும் ரெக்கார்டு பிளேயரும் சேர்ந்த ரேடியோகிராமைப் பழுதுக்குக் கொண்டுவரும்போது, சோதித்துப் பார்க்க என்று ஒரு பீட்டில்ஸ் தட்டையோ பிங்க் ஃபிளாய்ட் தட்டையோ விட்டுச் செல்வார்கள். அவற்றில் பல கொல்கத்தாவை அடுத்த டம்டம் ஆலையில் தயாரானவை. பழுது ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். சோதனை ஒரு வாரம் நடக்கும்.

அதனால், இசைத்தட்டில் ஏதோ கூடுதலாகக் கேட்கிறது என்று சொல்பவர்களைப் பொய்யர்கள் என்று சொல்ல மாட்டேன். வித்தியாசம் உண்மையிலேயே கேட்கிறது. அது எங்கிருந்து வருகிறது என்பதில்தான் உங்கள் கட்டுரையாளர் தடம் மாறிவிட்டார். ஸ்டுடியோவில் பதிவான டேப் அப்படியே தட்டாகவோ சிடியாகவோ ஆகிவிடுவதில்லை. நடுவில் மாஸ்டரிங் என்று ஒரு வேலை இருக்கிறது. கீழ் ஒலி எவ்வளவு, மேல் ஒலி எவ்வளவு, மொத்த உரப்பு எவ்வளவு என்பதை அங்கே ஒரு மனிதர் உட்கார்ந்து முடிவு செய்கிறார். அப்படி முடிவாகி வருவதுதான் மாஸ்டர். அதை வைத்துத் தட்டில் பள்ளம் கீறுவதைத்தான் ‘வெட்டுவது’ என்கிறோம். ஆள் மாறினால் பதிப்பு மாறும். பழைய ராக் ஆல்பங்களுக்கு ஐம்பது வருடங்களில் இப்படிப் பல கைகள் மாறியிருக்கின்றன.

லெட் செப்பெலின் என்ற ராக் குழுவின் இரண்டாவது ஆல்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வெளிவந்தது 1969இல். அமெரிக்காவில் முதல் தட்டை வெட்டியவர் ராபர்ட் லட்விக் என்ற மாஸ்டரிங்காரர். மிக உரக்க வெட்டினார். டிரம்மும் பேஸ் கிடாரும் எகிறும் இடங்களில் பள்ளம் அகலமாக ஆடியது. மலிவான பிளேயர்களில் ஊசி குதித்தது. புகார் வந்ததும் நிறுவனம் ஒலியைக் குறைத்து மறுபடி வெட்டச் செய்தது. இன்று சேகரிப்பாளர்கள் அந்த முதல் வெட்டைத் தேடி அலைகிறார்கள். பாட்டு முடிந்த பிறகு லேபிளைச் சுற்றி வெறுமையாக ஒரு பளபளப்பான வளையம் இருக்கிறதல்லவா, அதில் ஆர்.எல். என்ற இரண்டு எழுத்துகள் கீறியிருந்தால் விலை எங்கோ போய்விடுகிறது. இரண்டுமே வினைல்தான், ஒரே டேப்தான். ‘வினைல் நன்றாக இருக்கும்’ என்ற வாக்கியம் இந்த இரண்டில் எதைச் சொல்கிறது?

டிஜிட்டலிலும் இதே கதைதான். மெட்டாலிகா 2008இல் வெளியிட்ட ‘டெத் மேக்னடிக்’ ஆல்பத்தின் சிடி, உரப்பைக் கூட்டிக் கூட்டி ஒலியே நசுங்கிப்போன நிலையில் வந்தது. அதே பாட்டுகள் ‘கிட்டார் ஹீரோ’ என்ற வீடியோ விளையாட்டிலும் இருந்தன. விளையாட்டில் இருந்த பதிப்பு நசுங்காமல் மூச்சுவிட்டது! ரசிகர்கள் இரண்டையும் வைத்துப் பார்த்துக் கொதித்துப்போனார்கள். இரண்டும் டிஜிட்டல்தான்.

1990களிலிருந்து சிடிகளுக்கு நேர்ந்த கதி இது. கடையில் நம் பாட்டுதான் உரக்கக் கேட்க வேண்டும் என்ற போட்டியில், மெல்லிய இடத்தையும் உரத்த இடத்தையும் ஏறக்குறைய ஒரே மட்டத்துக்கு இழுத்துவிட்டார்கள். பழைய ஆல்பங்களை ‘ரீமாஸ்டர்’ செய்தபோதும் பலவற்றுக்கு இதே சிகிச்சைதான். வேடிக்கை என்னவென்றால், சிடியில் மெல்லிய ஒலிக்கும் உரத்த ஒலிக்கும் இடையே சுமார் 96 டெசிபெல் (உரப்பை அளக்கும் அலகு) இடம் இருக்கிறது. இசைத்தட்டில் அதிகம் போனால் 70. இடம் நிறைய இருந்த வீட்டில்தான் ஒரே அறையில் எல்லோரையும் அடைத்தார்கள். உங்கள் கட்டுரையாளர் வீட்டில் அப்பாவின் பழைய தட்டு இனிமையாகவும் புது சிடி காது குத்துவதாகவும் கேட்டதென்றால், காரணம் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

கட்டுரை முக்கியச் சான்றாகக் காட்டியது பீட்டில்ஸின் ‘சார்ஜென்ட் பெப்பர்’ ஆல்பத்தை. அதற்கு வருகிறேன். இங்கே வினைலையும் டிஜிட்டலையும் ஒப்பிடுவதற்கு முன்னால் இன்னொரு சிக்கலைத் தாண்டியாக வேண்டும். 1967இல் அந்தக் குழு அக்கறையோடு உடன் இருந்து, குரலையும் கருவிகளையும் சேர்த்துக் கலந்தது மோனோ பதிப்பை, அதாவது எல்லா ஒலியும் ஒரே தடத்தில் வரும் பதிப்பை. இடம், வலம் என்று ஒலி பிரிந்து வரும் ஸ்டீரியோ கலவையைத் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினும் ஒலிப்பதிவுக்காரர்களும் பிறகு முடித்தார்கள். இரண்டும் வேறு வேறு கலவைகள். ‘ஷீஸ் லீவிங் ஹோம்’ மோனோவில் வேகமாகவும் சுருதி உயர்ந்தும் ஓடும். ஸ்டீரியோவில் மெதுவாக நகரும். 1987இல் சிடி வந்தபோது ஸ்டீரியோவை மட்டும் கொடுத்தார்கள். மோனோ தட்டில் ஊறிய காது அந்த சிடியைக் கேட்டால் ‘ஏதோ தொலைந்துவிட்டது’ என்று சொல்லாமல் என்ன செய்யும்? அதில் டிஜிட்டலின் குற்றம் எதுவும் இல்லை. 2009இல் மோனோ ஆல்பங்களும் சிடியாக வந்தன. அதில் வேண்டியது கிடைத்துவிடும்.

தட்டுப் பக்கம் வாருங்கள். 2012இல் வந்த பீட்டில்ஸ் ஸ்டீரியோ எல்.பி.க்கள் (முழு ஆல்பம் அடங்கும் பெரிய தட்டுகள்) 2009 டிஜிட்டல் மாஸ்டரிலிருந்து வெட்டப்பட்டவை. 2014இல் வந்த மோனோ எல்.பி.க்களோ பழைய டேப்பிலிருந்து, நடுவில் டிஜிட்டலே இல்லாமல் வெட்டப்பட்டவை. 2017இல் ஜார்ஜ் மார்ட்டினின் மகன் ஜைல்ஸ் மார்ட்டின் ஸ்டீரியோவைப் புதிதாகக் கலந்து கொடுத்தார். அட்டையில் அதே கூட்டம், அதே பூக்கள், அதே டிரம். உள்ளே இருப்பது வேறு வேறு சரக்கு. கடையில் மூவாயிரம் நாலாயிரம் எண்ணிக் கொடுக்கும் பையனுக்கு இதை யார் சொல்கிறார்கள்?

இதே ஆல்பத்தின் கடைசிப் பாட்டு ‘எ டே இன் த லைஃப்’. அது முடியும்போது பல பியானோக்களில் ஒரே நேரத்தில் ஒரு கார்டை (பல சுரங்கள் சேர்ந்து ஒலிப்பது) அடித்து, ஒலி அடங்க அடங்கப் பதிவின் அளவைக் கூட்டிக்கொண்டே போனார்கள். முக்கால் நிமிடத்துக்கு அது தேய்ந்துகொண்டே போகும். கடைசியில் ஸ்டுடியோவில் ஒரு நாற்காலி கிறீச்சிடுவதுகூடக் கேட்கும். எல்.பி. நிமிடத்துக்கு முப்பத்து மூன்றே கால் சுற்றுக்குச் சற்றுக் கூடுதலாக, ஒரே வேகத்தில் சுற்றுகிறது. ஆகவே வெளி ஓரத்தில் ஊசிக்குக் கீழே நொடிக்குச் சுமார் 50 சென்டிமீட்டர் பள்ளம் ஓடினால், லேபிளுக்குப் பக்கத்தில் 20 சென்டிமீட்டர் சொச்சம்தான் ஓடும். அதே இசையைப் பாதிக்கும் குறைவான நீளத்தில் எழுத வேண்டிய இடம் அது. பாடகர் ‘ஸ’ உச்சரிக்கும்போது கரகரப்பதும் அங்கேதான். உலகத்தின் புகழ்பெற்ற கார்டு ஒன்றை, தட்டின் ஆக மோசமான இடத்தில் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். பழைய தட்டில் அந்த நாற்காலியைக் கேட்க முயன்றால், அரை நூற்றாண்டுத் தூசியின் பொரிச்சத்தம்தான் முதலில் கேட்கும். இந்த ஒரு நிமிடத்துக்காகவே நான் சிடி பக்கம்.

ஆனால் அந்தக் கார்டுக்குப் பின்னால் நடப்பதில் தட்டின் பக்கம் சாய்ந்துவிடுவேன். பிரிட்டிஷ் தட்டில் முதலில் 15,000 ஹெர்ட்ஸ் அளவில் ஒரு கூர் ஒலி வரும், நாய்களுக்காக என்று. (என் காதுக்கு அது எட்டுவதில்லை. பேரன் முகத்தைச் சுளிப்பதை வைத்துத்தான் வந்துவிட்டது என்று தெரிந்துகொள்கிறேன்.) பிறகு உள்வளையத்தில் பொருளற்ற பேச்சும் சிரிப்பும். ஊசி பொருத்திய கையைத் தானாகத் தூக்காத பிளேயரில் அது நாம் எழுந்து போய் ஊசியை எடுக்கும் வரை சுற்றிக்கொண்டே இருக்கும். சிடியில் சில சுற்று ஓடி மங்கிவிடும். கேலி பாதியில் நின்றுவிடுகிறது.

‘உண்மையான அனலாக் ஒலியைக் காது உடனே கண்டுபிடித்துவிடும்’ என்றும் கட்டுரை சொல்கிறது. அனலாக் என்றால் எங்கேயும் எண்களாக மாறாமல் அலையாகவே வந்த ஒலி. 2022 ஜூலையில் அமெரிக்காவில் நடந்ததைக் கட்டுரையாளர் கேள்விப்படவில்லை போலும். மொபைல் ஃபிடெலிட்டி என்ற நிறுவனம் பழைய ஆல்பங்களை உயர்ந்த விலைக்கு மறுபதிப்புச் செய்வது. முழுக்க அனலாக் என்று நம்பியே ரசிகர்கள் வாங்கினார்கள். அவற்றில் பலவற்றுக்கு 2011 முதலே நடுவில் டிஜிட்டல் கோப்பு பயன்பட்டிருக்கிறது என்பது அந்த மாதம் வெளியே வந்தது, வழக்குகளும் வந்தன. அத்தனை வருடங்களாக அந்தத் தட்டுகளை அனலாக்கின் உச்சம் என்று புகழ்ந்த காதுகளுக்கு ‘இதில் டிஜிட்டல் வாடை அடிக்கிறது’ என்று தோன்றவில்லை. நிறுவனம் மறைத்தது தவறு, சந்தேகமில்லை. தட்டுகள் நன்றாக இருந்தன என்பதும் உண்மை.

என் கடைக்கு இப்போது கல்லூரி மாணவர்கள் வருகிறார்கள், எனக்கு அதில் மகிழ்ச்சிதான். பெட்டி வடிவத்தில் அழகான மலிவுப் பிளேயர் ஒன்றைக் கையில் பிடித்து வருவார்கள். அதில் ஊசி ஐந்து ஆறு கிராம் எடையோடு தட்டை அழுத்தும். ஊசியைத் தாங்கும் கார்ட்ரிட்ஜ் நல்ல காந்த வகையாக இருந்தால் இரண்டு கிராம் போதும். சிலர் நல்ல டர்ன்டேபிளை வாங்கிவிட்டு, ஃபோனோ ப்ரீ-ஆம்ப் இல்லாமல் நேரே ஸ்பீக்கரில் செருகி, ‘அங்கிள், பேஸே இல்லை’ என்பார்கள். எப்படி இருக்கும்? வெட்டும்போதே கீழ் ஒலியைச் சுமார் 20 டெசிபெல் வரை குறைத்து, மேல் ஒலியை அதே அளவு கூட்டித்தான் வெட்டுகிறார்கள். இல்லையென்றால் பள்ளம் அடுத்த பள்ளத்தில் போய் விழும். திரும்பக் கேட்கும்போது ப்ரீ-ஆம்ப் அதைச் சரிசெய்ய வேண்டும். இன்னும் சிலர் தட்டை ஓட்டி புளூடூத் ஸ்பீக்கரில் கேட்கிறார்கள். அந்த ஒலி காற்றில் ஏறுவதற்கு முன்பே எண்களாக மாறி, சுருங்கியும் போய்விடுகிறது என்று சொன்னால் முகம் வாடிவிடும் என்பதால், கேட்டால் மட்டும் சொல்கிறேன்.

எல்லாப் பழைய ஆல்பத்துக்கும் தட்டுதான் மூலம் என்றும் நினைக்க வேண்டாம். டயர் ஸ்ட்ரெய்ட்ஸின் ‘பிரதர்ஸ் இன் ஆர்ம்ஸ்’ டிஜிட்டல் டேப்பில் பதிவாகி 1985இல் வெளிவந்தது. சிடி ஏறக்குறைய 55 நிமிடம். ஒரே தட்டில் அது அடங்காததால் எல்.பி.யில் பல பாட்டுகளின் நீளத்தைக் கத்தரித்து 47 நிமிடத்துக்குக் கொண்டுவந்தார்கள். அந்தக் காலத்துத் தட்டைப் பெரும் விலை கொடுத்து வாங்குபவர் குறைந்த நேரப் பாட்டுக்குக் கூடுதல் பணம் கொடுக்கிறார். முதலில் வந்த சிடியைப் பழைய கடையில் வாங்கினால் மிச்சப்படும் பணத்தில் நல்ல ஊசி ஒன்று வாங்கலாம்.

ஸ்ட்ரீமிங்கில் எல்லாம் இருக்கிறதே என்பவர்களுக்கும் என் புகார் உண்டு. இருக்கிறது, எந்த வருட மாஸ்டர் என்பது பல நேரம் தெளிவாகத் தெரிவதில்லை. நேற்றுக் கேட்ட பதிப்பு இன்று மாறியிருந்தாலும் யாரும் சொல்லப்போவதில்லை. அலமாரியில் இருக்கும் சிடியும் தட்டும் அப்படி மாறா.

வீட்டில் ஒப்பிட விரும்பும் வாசகர்களுக்கு ஒரு குறிப்பு. முதலில் இரண்டின் உரப்பையும் ஒரே அளவில் வையுங்கள். சற்று உரக்க ஒலிப்பதுதான் நன்றாக இருக்கிறது என்று காது ஏமாந்துவிடும். ஒரு டெசிபெல் வித்தியாசமே போதும். மாற்றி மாற்றி ஓட்டும் வேலையை வேறொருவரிடம் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். என் மனைவி இந்த வேலையில் மகா நேர்மையானவர். ஒரு சைகைகூடக் காட்ட மாட்டார்.

ஆசிரியர் அவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். இணைப்பில் இனி ஒரு தட்டையோ சிடியையோ பரிந்துரைக்கும்போது, எந்த வருடத்து மாஸ்டர், யார் வெட்டியது, மோனோவா ஸ்டீரியோவா என்று பெட்டிச் செய்தியில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். பெரும்பாலும் உறையின் பின்பக்கத்திலோ லேபிளைச் சுற்றிய வளையத்திலோ விவரம் இருக்கும். வளையத்தைப் படிக்க விளக்கைச் சாய்த்துப் பிடித்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும். கட்டுரையாளருக்குப் பூதக்கண்ணாடி தேவைப்பட்டால் என்னிடம் ஒன்று உபரியாக இருக்கிறது. அந்தப் படிக்கட்டுப் படத்தை மட்டும் மறுபடி போட வேண்டாம்.

இப்படிக்கு,
ரேடியோ மெக்கானிக் (ஓய்வு பெறாதவர்),
பாலக்கரை, திருச்சி.