தளத்தை முடக்கினால் படம் அழிந்துவிடுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆபாசத் தளங்களை மொத்தமாகத் தடை செய்யவேண்டும் என்று வந்த கடிதங்களைப் படித்தேன். தக்கலையில் பதினைந்து வருஷமாக செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன். 2015-ல் மத்திய அரசு 857 தளங்களை முடக்கச் சொன்னது, சில நாளிலேயே உத்தரவு தளர்ந்தது. 2018-ல் உத்தராகண்ட் உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு 800-க்கும் மேற்பட்ட தளங்களுக்கு மறுபடி பூட்டு. என்ன ஆச்சு? கடைக்கு வரும் பிளஸ் டூ பையன்களின் போனில், பூட்டிய தளத்தையும் திறந்து காட்டும் விபிஎன் ஆப் சர்வசாதாரணமாகக் கிடக்கிறது.

வயதுவந்தவர் தனியாக எதைப் பார்க்கிறார் என்பது அவர் பாடு. குழந்தைகள் சம்பந்தப்பட்டது வேறு கதை, அதை வைத்திருப்பதே குற்றமாகலாம் என்று 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, சரிதான். என் கவலை, சம்மதம் இல்லாமல் வெளியே போகும் படங்கள்.

போன மாதம் ஒரு பெண் டிஸ்பிளே உடைந்த போனோடு வந்தார். இருபது நிமிஷம் ஆகும், டீ குடிச்சிட்டு வாங்கக்கா என்றேன். நகரவே இல்லை, கவுண்டரில் கைவைத்தபடி என் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றார். வேறொரு ஊரில் ரிப்பேருக்குக் கொடுத்த போனிலிருந்து தங்கச்சியின் படம் வெளியே போய்விட்டதாம். புகார் கொடுக்கப் போனால் முதல் கேள்வியே, 'அப்படிப் படம் ஏன் எடுத்தாய்?'

அனுமதியின்றி அந்தரங்கப் படம் பரப்புவதற்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 66E பிரிவு இருக்கிறது. அந்தச் சட்டத்தின் கீழ் வந்த 2021 விதிகள், புகார் வந்த 24 மணி நேரத்தில் அப்படிப்பட்ட படத்தை நீக்கும்படி இணையதளங்களுக்குச் சொல்லின. தளங்களை எண்ணிப் பூட்டுவதைவிட, இதைக் காவல் நிலைய மேஜையில் இருப்பவருக்குச் சொல்லிக்கொடுங்கள்.

எங்கள் கடையில் இப்போதெல்லாம் வாடிக்கையாளர் கண்முன்னால்தான் போனைத் திறக்கிறோம்.

ஒரு வாசகர்,
தக்கலை, குமரி மாவட்டம்