பிழைப் பட்டியலுக்கு வழி காட்டியவர்களுக்கு நன்றி

எல்லாருக்கும் வணக்கம்.

போன மாதம் முழுக்க உங்களை நச்சரித்த ஈமாக்ஸ் (உரை எழுதித் திருத்தும் மென்பொருள்) குறுக்குவிசைச் சிக்கல் ஒருவழியாகத் தீர்ந்துவிட்டது. தனித்தனியாக எழுதினால் யாரையாவது விட்டுவிடுவேன். அதனால் எல்லாருக்குமாக இந்த மடல்.

மெய்ப்புப் பார்ப்பதுதான் என் பிழைப்பு. எந்நேரமும் ஏழெட்டுக் கோப்புகள் திறந்து கிடக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு புக்மார்க் (இடத்தைக் குறித்து வைக்கும் அடையாளம்) வைத்து, கண்ட்ரோல்-சி அழுத்தி ஓர் எழுத்தைத் தட்டினால் அங்கே போய் நிற்க வேண்டும் என்பது ஆசை. பிழைப் பட்டியலுக்கு பி (B), கலைச்சொற்களுக்கு கே (K). கண்ட்ரோல்-சியும் ஓர் எழுத்தும் பயனருக்கென்றே ஒதுக்கப்பட்டவை, வேறெதுவும் குறுக்கே வராது என்ற தைரியம் வேறு.

ஒவ்வொரு விசைக்குமான கட்டளையை ஏழு முறை எழுதச் சோம்பல்பட்டு, ஈமாக்ஸின் அமைப்புக் கோப்பில் ஒரு டோலிஸ்ட் சுழலுக்குள் (பட்டியலில் உள்ள ஒவ்வொன்றுக்கும் அதே வேலையைத் திரும்பச் செய்வது) லாம்டாவை (பெயரில்லாத சிறு செயற்கூறு) வைத்தேன். எந்த விசையைத் தட்டினாலும் மாறிக்கு மதிப்பு இல்லை என்றது ஈமாக்ஸ். அந்தக் கோப்பின் முதல் வரியில் லெக்சிகல் பைண்டிங்கை இயக்கச் சொன்ன அண்ணனுக்கு முதல் நன்றி. அது இல்லாவிட்டால் சுழல் முடிந்ததும் லாம்டாவுக்குப் புக்மார்க்கின் பெயர் மறந்துபோகுமாம். அதை மூன்றாவது வரியில் போட்டுவிட்டு, "வேலை செய்யலையே" என்று மறுபடி வந்து நின்றேன். "முதல் வரின்னா முதல் வரிதான் தம்பி" என்றதோடு விட்டீர்கள். பெரிய மனசு.

அப்புறம்தான் உண்மையான தலைவலி. காலையில் வேலை செய்யும் விசை மதியம் செய்யாது. விசைப்பலகையைத் துடைத்தேன், கணினியை அணைத்துப் போட்டேன், அமைப்புக் கோப்பைப் பாதியாக வெட்டிப் பார்த்தேன். அக்கா ஒருவர்தான், "கண்ட்ரோல்-எச் எல் தட்டிப் பார். நீ என்ன அழுத்தினாய் என்பதை விடு, ஈமாக்ஸுக்கு என்ன போய்ச் சேர்ந்தது என்று பார்" என்றார். கடைசியாகத் தட்டிய விசைகளெல்லாம் வரிசையாக வந்தன. நடுவில் கண்ட்ரோல்-சி, அதன் பக்கத்தில் சாவகாசமாக ஒரு ங.

தமிழ்99 என்ற தமிழ் விசைப்பலகை அமைப்பில் பி இருக்கும் இடத்தில் ங தானே! மதியம் தமிழில் தட்டச்சு செய்வதற்காக ஐபஸ்ஸை (கணினியில் தட்டச்சு மொழியை மாற்றும் மென்பொருள்) தமிழுக்கு மாற்றுவேன். அது இரண்டாவது விசையை ஈமாக்ஸுக்கு வருமுன்பே தமிழாக்கிவிடும். கே தட்டினால் ம. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

தீர்வையும் அக்காவே சொன்னார். ஈமாக்ஸுக்குள்ளேயே தமிழ்99 இருக்கிறது. கண்ட்ரோலோடு பின்சாய்கோட்டை அழுத்தினால் மாறிக்கொள்ளலாம். கண்ட்ரோல்-சிக்கு அடுத்து வரும் விசையை அது தொடாது. இத்தனை வருஷம் இது தெரியாமல் ஐபஸ்ஸோடு மல்லுக்கட்டியிருக்கிறேன்.

நடுவில் ஒருநாள் மின்வெட்டில் அன்று வைத்த புக்மார்க்குகள் எல்லாம் போயின. ஈமாக்ஸை மூடும்போதுதான் அவற்றைச் சேமிக்கும் என்று சொல்லி, புக்மார்க்-சேவ்-ஃபிளாக் என்ற அமைப்பின் மதிப்பை 1 ஆக்கச் சொன்ன கல்லூரித் தம்பிக்கும் நன்றி. இப்போது வைத்தவுடனே கோப்பில் ஏறிவிடுகிறது.

என் அமைப்புக் கோப்பு யாருக்காவது வேண்டுமென்றால் கேளுங்கள், அனுப்புகிறேன். முதல் வரியை மட்டும் கீழே தள்ளிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்களை நச்சரித்தவன்